மார்ச் மாதத்தில் எடுத்த மூச்சு

விளக்கைப் போட்ட பிறகும் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவின் மாடியில் இருக்கிற அந்தச் சின்ன பிரிவியூ தியேட்டரில் நாற்பது நாற்காலிகள், முப்பத்தேழு காலி. முன்வரிசையில் தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டியது கண்ணாடியையா கண்ணையா என்று முடிவுக்கு வராதவர்போலக் கைக்குட்டையை இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். முப்பது வருஷம் காமிராவுக்குப் பின்னால் நின்று ஓய்ந்தவர். அவருக்குப் பக்கத்தில் நாடகம் போடுகிற ஹமீதா பானு சத்தமாக மூக்கைச் சிந்தினார். இரண்டு வரிசை தள்ளி ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதிருந்தது அவளுக்கே கன்னம் காய்ந்து இழுக்கும்போதுதான் தெரிந்தது.

"அது நடிப்பே இல்லம்மா," என்றார் தணிகாசலம். "போகப்போறது மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து விட்டாரே ஒரு மூச்சு, அத எவனாலயும் நடிக்க முடியாது. என் ஓட்டு கலியமூர்த்திக்கு."

"நடிப்பே இல்லன்னா நடிப்புக்குன்னு வச்சிருக்கிற விருத எதுக்கு சார் குடுக்கணும்? இது இரங்கல் கூட்டமா? என் ஓட்டு காலைல பாத்த படத்துக்கு, அருமைநாயகத்துக்கு," என்றார் ஹமீதா.

"நாடகக்காரங்களுக்குக் கல்லு மனசு."

"கல்லா? இத்தன நேரம் மூக்கு சிந்துனது யாரு, உங்க புரொஜக்டரா? அழுதேன். நல்லாவே அழுதேன். அழுதது வேற."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். பார்த்ததோடு சரி, ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. இந்தத் திரைப்படச் சங்கத்தில் வெகுகாலமாக நடந்துவருகிற வழக்கம் அது. இங்கே மதிப்பெண்ணும் இல்லை, தாளும் இல்லை. நடுவர் மூன்று பேரும் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு பெயராகச் சொல்லிவிட்டால் மூன்றாவது ஆள் உடனே வாய் திறக்கக் கூடாது. டீ வரும். அது குடித்து முடிகிறவரைக்கும் அவரிடம் யாரும் பேசுவதில்லை, அவரும் யாரிடமும் பேசுவதில்லை. பிறகு அவர் சொல்லும் பெயர்தான் முடிவு. சொன்ன கையோடு அந்த நடிகருக்கு அங்கிருந்தே போன். "மௌன டீ" என்று கேலியாகச் சொல்வார்கள். வராந்தா ஜன்னலோரம் நின்று காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டபோது ஜெசிந்தாவுக்கு அது கேலியாகப் படவில்லை.

டீ கொதித்துக்கொண்டிருந்தது, நல்லதாகப் போயிற்று, ஆறுகிறவரைக்கும் அவகாசம். கீழே தெருவில் ஒருத்தர் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துப் பெட்ரோல் எங்கே என்று தேடுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தார். நான்கு மணி வெயில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அழுதது எதற்கு, முதலில் அதைச் சொல், என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். படத்தில் கலியமூர்த்தி திருச்சியில் மெஸ் நடத்துகிறவர். மகளோடு பேச்சுவார்த்தை விட்டுப்போய், கடைசியில் அவளை பஸ் ஏற்றிவிட்டுவிட்டு ஸ்டாண்டு பெஞ்சில் தனியாக உட்காருகிறார், பஸ் போன திக்கைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்க்கிறார், ஒரு மூச்சு விடுகிறார், அவ்வளவுதான், நாற்பது விநாடி, படம் முடிந்தது. முடிந்ததும் கறுப்புத் திரையில் அவருடைய போட்டோ, மாலை போட்டது, பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். அழுகை மூச்சுக்கு வந்ததா கோட்டுக்கு வந்ததா. மூச்சுக்குத்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் கண் கரித்தது படம் தொடங்கி மூன்றாம் நிமிஷத்தில், அவர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு சும்மா நடந்துபோகும்போதே, அப்போது அங்கே ஒரு மூச்சும் இல்லை, கோடும் இல்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு ஆள்தான், அந்த ஆள் இப்போது இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதுதான். வாளிக்கு அழுகிற நடுவர். மான்ட்ரியாலில் இருபத்திரண்டு வருஷம் ஓர் இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் படங்களுக்கு அடியில் வசனம் எழுதியவள், இரண்டு மொழியிலும் எத்தனை எழுத்தில் அழுகை அடங்கும் என்று எண்ணத் தெரிந்தவள், வாளிக்கு அழுகிறாள்.

இதே படத்தை அவள் முன்பே பார்த்திருந்தாள் என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டாள். அடிவசனம் எழுத முடியுமா என்று கேட்டு டைரக்டர் அனுப்பிய பழைய வடிவம், வெட்டி முடிக்காதது, ஓரத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எடுத்த தேதி வெள்ளை எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நேரமில்லை என்று வேலையை மறுத்துவிட்டாள், அதனால் நடுவராக இருப்பதில் தடை இல்லை என்றார்கள். அவள் சொல்லாதது ஒன்று உண்டு. மறுத்து எழுதிய மெயிலில், கேட்காமலே, ஒரு பத்தி கூடுதலாக எழுதியிருந்தாள். "மெஸ் காட்சிகளில் கலியமூர்த்தி சோர்வாக இருக்கிறார். வாடிக்கையாளரோடு வாயாடுகிற இடத்தில் வேகம் இல்லை. முடிந்தால் குறையுங்கள்." டிசம்பர் முதல் வாரம். அப்போது அவர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கிறவரைப் பற்றி அப்படி எழுதுவதில் ஒரு தவறும் இல்லை, அதற்குப் பெயர்தான் அபிப்பிராயம், மின்சாரக் கட்டணம் கட்டுவதுபோல அதை எழுதிவிட்டு அவள் ரசம் வைக்கப் போனாள். ஒரு வாரம் கழித்து டைரக்டரிடமிருந்து பதில்: "அண்ணன்கிட்டயே படிச்சுக் காட்டிட்டேன் மேடம். 'அட, கண்டுபுடிச்சிட்டாங்களே'ன்னு சிரிச்சாரு." சரி, நல்ல மனுஷர் என்று நினைத்தாள். ஜனவரி கடைசியில் செய்தி வந்தது. கணையத்தில் புற்று. ஆகஸ்டிலேயே தெரியுமாம், படத்தில் வேலை செய்த ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லையாம், மெஸ் காட்சிகள் எல்லாம் நவம்பரில் எடுத்ததாம். கண்டுபிடித்துவிட்டார்களே. அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை, கேட்காத சிரிப்பு கேட்டதைவிட நன்றாகக் காதில் விழும் என்பது அதன் பிறகு தெரிந்தது, பாத்திரம் கழுவும்போது, சிக்னலில் நிற்கும்போது.

ஒரு வாய் உறிஞ்சினாள். நாக்கு சுட்டது. தேதிகள். அவளுக்குத் தேதி மறக்காது, அது ஒரு வியாதி. மெஸ், நவம்பர் பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. பஸ் ஸ்டாண்டு, அதே வருஷம் மார்ச் ஆறு. படத்தின் கடைசிக் காட்சியைத்தான் முதல் வாரத்தில் எடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு அனுமதி அப்போதுதான் கிடைத்திருக்கும், சினிமாவில் கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பிறப்பதெல்லாம் சகஜம். மார்ச் ஆறாம் தேதி கலியமூர்த்திக்கு ஒன்றும் இல்லை. அந்த வாரம் தினமும் காலையில் யூனிட் பையன்களோடு கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தார் என்று அவர் மனைவி பேட்டியில் சொல்லியிருந்தார். டப்பிங் கிடையாது, அங்கேயே பதிந்த சத்தம். அப்படியென்றால் தணிகாசலம் சாரைக் கரைத்த அந்த மூச்சு, போகப்போகிறது தெரிந்தவன் விட்ட மூச்சு இல்லை, பந்து வீசிவிட்டு, இட்லி தின்றுவிட்டு வந்த ஐம்பத்திரண்டு வயது ஆரோக்கியமான மனிதர் யோசித்து, அளந்து, ஒருவேளை மூன்றாவது டேக்கில் விட்ட மூச்சு. முழுக்க முழுக்க நடிப்பு. ஊரே அதைப் பார்த்து "நடிப்பே இல்லை" என்று புகழ்கிறது. செத்ததால் அவருக்கு ஒரு மாலை கிடைத்தது, அந்த மாலைக்கு அடியில் அவர் செய்த வேலையைக் காணோம். இன்னொரு பக்கம் உண்மையாகவே வலியை விழுங்கிக்கொண்டு நின்ற இடம், மெஸ்ஸில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து "சாம்பார்ல முருங்கைக்காய் இருக்கு, நீதான் தேடல" என்று வாயாடுகிற இடம், அதைப் பார்த்து அழுதவர் யாரும் இல்லை, அங்கே ஹமீதா வாட்ஸப் பார்த்தார். சாவு படத்தில் இருந்தது, ஆனால் எல்லோரும் அதை வேறு வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் மெஸ் காட்சிதான் பெரிய நடிப்போ. எழுந்து நிற்க முடியாதவர் உட்கார்ந்துகொண்டு ஒரு மெஸ்ஸையே நடத்தினாரே. இந்த எண்ணம் வந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது, சிலிர்த்ததும் சந்தேகம் வந்தது. ஏனென்றால் அந்தக் காட்சி டிசம்பரில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருந்தது, ஒரு பிரேம்கூட மாறவில்லை, சாம்பார் ஆறவுமில்லை, சூடாகவுமில்லை. மாறியது அவள். சோர்வு என்று எழுதினாள், சோர்வு இருந்தது, இன்றும் இருக்கிறது, சோர்வாக இருக்கக் கூடாத ஒரு வாயாடி அங்கே சோர்வாக இருக்கிறார். காரணம் தெரிந்துவிட்டால் சோர்வு கம்பீரமாகிவிடுமா. அவர் மறைக்கப் பார்த்தார், மறைக்க முடியவில்லை, உலகத்திலேயே அதைப் பார்த்த ஒரே ஆள் அவள், அதற்கு அவர் சிரித்தார். இப்போது போய் அங்கே சோர்வே இல்லை, எல்லாம் மேதைமை என்று சொன்னால் அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிற மாதிரி. இல்லையா. அல்லது இப்படி நினைப்பதே, தான் எழுதியது சரிதான் என்று நிறுவுகிற பிடிவாதமா. குற்ற உணர்ச்சியில் ஓட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்பதற்காகக் குற்ற உணர்ச்சியே இல்லாதவள்போல நடிக்கிறாளா. பாரேன், இதற்கு யார் விருது கொடுப்பார்கள்.

ஸ்கூட்டர்காரர் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஹமீதா ஏதோ சொல்ல, தணிகாசலம் சார் "நீங்க என் சாவுக்கு வாங்க, அப்பவும் மார்க் போட்டுக்கிட்டுத்தான் நிப்பீங்க" என்பது கேட்டது. அப்பாவின் சாவுக்கு அவள் மான்ட்ரியாலிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. தூத்துக்குடியில் வீட்டு முன்னால் போட்ட நீல நாற்காலிகளில் மாதா கோயில் பங்கு ஆட்கள் உட்கார்ந்து, "பாட்டுக்காரர் போய்ட்டாரே, இனி நம்ம பாடகர் குழுவுக்கு யாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா மரியநேசன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசை. சுருதிக்கு அரைக்கட்டை கீழேதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பாடினார். உயிரோடு இருந்தபோது அதே பங்கு ஆட்கள், "அண்ணாச்சி, நீங்க வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்று கெஞ்சியது அவளுக்குத் தெரியும். பாட்டுக்காரர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியது, அப்பாவைத் தூக்கிவிட்டு வேறு யாரையோ பெட்டியில் வைக்கிற மாதிரி. அம்மாதான் காதருகில் வந்து மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்: "ஒங்கப்பா எங்கட்டி பாடுனாரு, இழுத்தாருல்லா." சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அழுதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இழுத்த குரல்தான் அவளுக்கு வேண்டும். அதைச் சரிப்படுத்திக் கொடுத்தால் யாருக்கு வேண்டும். நாளைக்கு அவளே போய்ச்சேர்ந்தாலும் இதுதான் நடக்கும். நாற்பத்தெட்டு வயது, விலாவில் அவ்வப்போது ஒரு குத்தல், ஸ்கேன் எடுக்கச் சொன்னதை இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்று காலை அம்மாவுக்கு அனுப்பிய "கேஸ் புக் பண்ணியாச்சு" கூட நாளை மறுநாள் பெரிய வாக்காகிவிடும், பாருங்கள், கடைசிவரை தாயின் அடுப்பைப் பற்றியே நினைத்திருக்கிறாள் என்பார்கள். விலாவைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

அருமைநாயகத்தைப் பற்றி இத்தனை நேரம் ஒரு நிமிஷமாவது நினைத்தாளா. நினைக்கவில்லை. காலையில் பார்த்த படம் அவருடையது, அறுபத்தொரு வயது, முப்பத்தெட்டு வருஷமாகத் தாசில்தாராகவும் மாமனாராகவும் வந்துபோகிறவர், ஒரு விருதும் கிடையாது, இதில்தான் முதல்முதலாகப் படம் முழுக்க வருகிறார். கல்யாண மண்டப மேனேஜர். மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை என்பதைப் பெண்வீட்டுக்குத் தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சிரித்துக்கொண்டே சமாளிக்கிற ஆள். மதியம் சாப்பாட்டோடு அவர் மறந்துபோனார். உயிரோடு இருக்கிறவர்களைச் சாப்பாட்டோடு மறந்துவிடலாம். இந்த நேரத்தில் எங்கேயோ வீட்டில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், செத்தவரோடு போட்டி என்று தெரிந்தால் தோற்றாகிவிட்டது என்று மடித்து வைத்துவிடுவார். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. அவரையும் சாகடித்துப் பார்த்தால் என்ன. டீயில் ஒரு வாய் குடித்துவிட்டு, மனசாரப் பிரார்த்தித்துக்கொள்ளாமல், வெறும் கண்ணை மூடி, அருமைநாயகத்துக்கு ஒரு போட்டோ, ஒரு மாலை, ஒரு கோடு. பிறகு மண்டபத்தை ஓடவிட்டாள். பந்தியில் யாரோ "மாப்ள எங்கண்ணே" என்று கேட்க, அவர் சாப்பிடாத இலையில் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொல்லிக் கைகாட்டுகிற அந்தச் சிரிப்பு. ஐயோ என்றிருந்தது. கண் கரித்தது. ஆக, யாரைக் கொன்றாலும் கரிக்கும். சரி. இரண்டு பேரும் செத்தவர்கள். பெஞ்சில் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு மாலை. யார்?

பதில் வந்தது, ஆனால் அவள் நம்பவில்லை. தலைகீழாகவும் பார்க்க வேண்டும். அருமைநாயகத்தை எழுப்பிவிட்டாள், அது சுலபம், அவர் சாகவே இல்லை. கலியமூர்த்தியை எழுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது, மாலையைக் கழற்ற மாட்டேன் என்றார். மெதுவாக, கிரிக்கெட் மட்டையோடு, வியர்வையோடு, இந்த வராந்தா படியேறி வரவைத்தாள். வந்ததும் வடை இருக்கா என்று கேட்டார். "ஏங்க, மெயிலு போட்டீங்களே, நீங்கதானா அது?" என்றார். நான்தான் என்றாள். "மெஸ்ஸுல சோர்வுதான். ஒத்துக்கறேன். பஸ் ஸ்டாண்டு?" பஸ் ஸ்டாண்டு மாதிரி நான் பார்த்ததே இல்லை. "அப்புறம் என்ன?" நாற்பது விநாடி, என்றாள். அருமைநாயகம் இரண்டு மணி நேரம். அந்தச் சிரிப்பு ஒரு இடத்தில்கூட விழவில்லை, சிரிப்புக்குள் பயம் ஏறிக்கொண்டே போகிறது, நீங்கள் பார்த்தீர்களா? அவர் பார்க்கவில்லை. அவர் போன பிறகுதான் அந்தப் படம் வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, உயிரோடு நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது. இரண்டு பேரும் செத்தாலும், இரண்டு பேரும் பிழைத்தாலும் ஒரே பெயர்தான் வந்தது. ஒருவர் இருந்து ஒருவர் இல்லாத, அதாவது நிஜத்தில் இருக்கிற இந்த நான்கரை மணிக்கு மட்டும் அது ஆடியது. கோப்பையில் அடிமண்டி தெரிந்தது. குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

உள்ளே போனபோது தணிகாசலம் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், ஒண்ணு சொல்லிட்டுச் சொல்றேன். பஸ் ஸ்டாண்டு காட்சி மார்ச் மாசம் எடுத்தது. நான் பாத்த பிரிண்ட்ல தேதி இருந்துச்சு. அப்ப அவருக்கு நோயே இல்ல. நீங்க நடிப்பே இல்லன்னீங்களே, அது நடிப்புதான். பூரா நடிப்பு."

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். ஏமாற்றப்பட்டவர் முகம் மாதிரி ஒன்று வந்து, அது மெல்ல மாறி, முப்பது வருஷ காமிராக்காரரின் முகம் வந்தது. "மார்ச்சா," என்றார். "அடப்பாவி. அவ்ளோ நல்லா பண்ணிட்டானா." பிறகு, "அப்ப அவனுக்கே போடேம்மா."

"இல்ல சார். நவம்பர்ல முடியல அவருக்கு. அது தெரியுது. அவர் இருந்தப்பவே அத எழுதியிருந்தேன், அவர் காதுக்கும் போச்சு. மறுக்கல. இன்னிக்கு நான் மாத்திச் சொன்னா, செத்துட்டாருன்னு மாத்தினதாத்தான் ஆகும்." குரல் எங்கோ பிசிறியது. விட்டுவிட்டாள். "அருமைநாயகம்."

ஹமீதா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். தணிகாசலம் சார் போனை எடுத்து நம்பரைத் தேடி ஸ்பீக்கரில் போட்டார். ஐந்தாவது மணிக்கு எடுத்தார்கள். பின்னால் மிக்ஸி ஓடியது, யாரோ நிறுத்தினார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். இருக்கேன்." தொண்டையைச் செருமினார். "கலியமூர்த்தி படமும் இருந்திச்சில்ல போட்டியில?"

"இருந்திச்சு."

"அவருக்கே குடுத்திருக்கலாமே சார். பாவம், நல்ல ஆளு. எனக்கு என்ன, நான் இருக்கேன்."

தணிகாசலம் சார் ஜெசிந்தாவைப் பார்த்தார், உன் பாடு என்பதுபோலப் போனை அவள் பக்கம் தள்ளினார்.

"வணக்கம் சார். நான் ஜெசிந்தா. மூணு பேர்ல ஒருத்தி."

"சொல்லும்மா." சட்டென்று குரல் இறங்கியது. "உண்மையச் சொல்லணும். நெசமாவே நல்லா பண்ணியிருந்தனா? இல்ல, வயசான மனுஷன், இருக்கும்போதே குடுத்துருவோம்னு எதாவது?"

"நெசமாவே நல்லா பண்ணியிருந்தீங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "ஜெனரேட்டர் ரூம்ல தனியா நின்னு அழுவீங்களே, அது மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு சார்."

ஹமீதா பல்லைக் கடித்தார். போனில் அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து, இருமலோடு, நிற்காமல் வந்தது. ஜெசிந்தா அதைக் காதாரக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் தோணிச்சும்மா," என்றார் அருமைநாயகம். "டைரக்டர் வேணும்னாரு. அடுத்த படத்துல கொறைச்சிக்கறேன்."